தென்வானில் ஒரு விசித்திர மண்டலம்

பால்வெட்டுத் தொழிலாளர்கள் நாட்டு மக்களுள் மிக முன்னதாகக் கண் விழிப்பவர்கள். நகரம் உறங்கிக் கொண்டிருக்கும் வேளையில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்பவர்கள். அந்நேரத்தில் அவர்களுடைய தலைக்கு மேலே விரிந்து கிடக்கும் வானத்தை, மின்விளக்குகளின் ஒளி வெள்ளத்தில் வாழும் நகரத்தார் காண்பது அரிது. இருண்ட வானம் தோட்டப்புறத்திற்கு இயற்கை அளித்துள்ள செல்வங்களுள் ஒன்று என்றே கூறலாம். ஆயினும், கையில் இருக்கும் செல்வத்தின் மதிப்பை அறியாதிருப்பது மனித இயல்பு. அவ்வானத்தில் உள்ள ஒரு விந்தையைப் பற்றி இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

அவ்விந்தையின் பெயர் சென்டாரஸ் ஏ. வானியல் அட்டவணையில் அதற்கு என்.ஜி.சி. 5128 என்று எண்ணிட்டிருக்கிறார்கள். அது ஒரு தனி விண்மீன் அன்று. கோடானுகோடி விண்மீன்கள் அடங்கிய ஒரு மண்டலம். ஒரு காலத்தில் தனித்தனியே இயங்கிய மண்டலங்கள் ஒன்றோடொன்று கலந்ததால் உருவானது என்பதே அதன் சிறப்பு. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து அதனைக் காண இயலாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கோ அது தென்வானில் நன்கு உயர்ந்து நின்று காட்சி தருகிறது.

விண்மீன் மண்டலம் என்பது யாது?

நம்முடைய சூரியன் ஒரு விண்மீன். சூரியனைப் போன்ற விண்மீன்கள் பத்தாயிரம் கோடிக்கும் மேல் ஒன்றுகூடி, ஈர்ப்பு விசையால் கட்டுண்டு, ஒரு பெருந்தட்டைப்போல் சுழன்றுகொண்டிருக்கின்றன. அப்பெருந்தட்டைத்தான் நாம் பால்வீதி என்கிறோம். நிலவில்லாத இரவுகளில் வானத்தின் குறுக்கே வெண்புகை போலத் தெரிவது, அத்தட்டை நாம் உள்ளிருந்தே பக்கவாட்டில் பார்க்கும் தோற்றமாகும்.

பால்வீதிக்கு அப்பாலும் எண்ணற்ற மண்டலங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு வகைகள் முக்கியமானவை. ஒன்று, சுருள் வடிவ மண்டலம். இதில் விண்மீன்களோடு வாயுவும் தூசியும் மிகுதியாக உண்டு. அவற்றிலிருந்து புதிய விண்மீன்கள் பிறந்த வண்ணம் இருக்கின்றன. மற்றொன்று, முட்டை வடிவ மண்டலம். இதில் இருப்பவை பெரும்பாலும் முதிய விண்மீன்கள். வாயுவும் தூசியும் மிகக் குறைவு.

இவ்வேறுபாட்டை நன்கு நினைவில் கொள்ள வேண்டும். சென்டாரஸ் ஏ மண்டலத்தின் புதிர் இதில்தான் அடங்கியிருக்கிறது. அது முட்டை வடிவமானது. எனவே அதில் தூசி அதிகம் இருத்தலாகாது. ஆனால், அதன் நடுவே ஒரு கரிய தூசிப் பட்டை, வெள்ளை உருண்டையின் மீது கறுப்புத் துணியைச் சுற்றியது போல் குறுக்காக ஓடுகிறது. இத்தூசி எங்கிருந்து வந்தது?

நெசவாளி மகனின் கண்டுபிடிப்பு

இம்மண்டலத்தை முதன்முதலில் கண்டு பதிவு செய்தவர் ஜேம்ஸ் டன்லப் என்பவர். ஸ்காட்லாந்தில் 1793ஆம் ஆண்டு ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் நூல் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த அவர், இரவுப் பள்ளியில் படித்தார். வானத்தின்பால் கொண்ட ஆர்வத்தினால் தொலைநோக்கிகளைத் தம் கையாலேயே செய்யக் கற்றுக்கொண்டார்.

நியூ சவுத் வேல்ஸின் ஆளுநராக நியமிக்கப்பட்ட சர் தாமஸ் பிரிஸ்பேன் வானியலில் நாட்டம் கொண்டவர். அவர் டன்லப்பைத் தம் உதவியாளராக ஆஸ்திரேலியாவிற்கு அழைத்துச் சென்றார். பிரிஸ்பேன் பதவிக் காலம் முடிந்து திரும்பிய பின்னரும் டன்லப் அங்கேயே தங்கினார். சிட்னி நகருக்கு அருகிலுள்ள பாரமட்டாவில், 1826ஆம் ஆண்டு, தம் இல்லத்திலிருந்து 9 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு தென்வானை இரவுதோறும் ஆராய்ந்தார். அவ்வாண்டில் அவர் கண்டவற்றுள் ஒன்றே இவ்விசித்திர மண்டலம். அவர் தயாரித்த பட்டியலில் 629 வான்பொருள்கள் இடம்பெற்றன. 1828ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அரச வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

ஆலைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய ஒருவர் இவ்வுயர்வை எய்தினார் என்பதை நம் தோட்டப்புறப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது நலம்.

டன்லப்பிற்குப் பின் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து இதனை ஆராய்ந்தார். 1847ஆம் ஆண்டு வெளியான தம் நூலில், அகன்ற இருண்ட பட்டை ஒன்று இதனை இரு கூறாகப் பிளப்பதை அவர் குறிப்பிட்டார். ஆயினும், அப்பட்டையின் பொருள் அவருக்கு விளங்கவில்லை. மண்டலங்கள் பால்வீதிக்கு வெளியே உள்ளன என்பதையே அக்கால அறிவியல் அறிந்திருக்கவில்லை.

வானொலி கூறிய சான்று

விண்பொருள்கள் ஒளியை மட்டுமன்றி வானொலி அலைகளையும் வெளியிடுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரேடார்க் கலையில் பயிற்சி பெற்ற பலர் அவ்வலைகளை ஆராயத் தொடங்கினர். சிட்னி நகரின் டோவர் ஹைட்ஸ் என்னுமிடத்தில் கடலை நோக்கிய செங்குத்தான பாறை ஒன்று உண்டு. அதன் உச்சியில் ஜான் போல்டன், கோர்டன் ஸ்டேன்லி, புரூஸ் ஸ்லீ ஆகிய மூவரும் ஏரியல்களை அமைத்தனர். வானிலிருந்து நேராக வரும் அலையும், கடல்நீரில் பட்டுத் திரும்பிவரும் அலையும் ஒன்றுசேரும்போது சில வேளை வலுக்கும். சில வேளை மெலியும். அம்மாறுதலைக் கணக்கிட்டு, அலை வரும் இடத்தை அவர்கள் துல்லியமாக அறிந்தனர். சென்டாரஸ் விண்மீன் குழுவிலிருந்து வந்துகொண்டிருந்த பலத்த வானொலி அலைகள், டன்லப் கண்ட அதே மண்டலத்திலிருந்து வருவதாக 1949இல் அவர்கள் வெளியிட்டனர். சென்டாரஸ் ஏ என்னும் பெயரும் இவ்வானொலி ஆராய்ச்சியினால் ஏற்பட்டதேயாகும்.

1954ஆம் ஆண்டு வால்டர் பாடே, ருடால்ப் மின்கோவ்ஸ்கி ஆகிய இரு விஞ்ஞானிகள், இங்கே முட்டை வடிவ மண்டலம் ஒன்றும் சுருள் மண்டலம் ஒன்றும் ஒன்றோடொன்று கலந்துகொண்டிருக்கக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தனர். கரிய பட்டை என்பது விழுங்கப்பட்ட மண்டலத்தின் தூசியாகும் என்பது இதன் சாரம். 1966இல் ஹால்டன் ஆர்ப் வெளியிட்ட விசித்திர மண்டலங்களின் படத்தொகுப்பில் 338 பதிவுகள் உள்ளன. அவற்றுள் சென்டாரஸ் ஏ 153ஆவது பதிவாக இடம் பெற்றிருக்கிறது.

மோதியும் மோதாத விண்மீன்கள்

இரண்டு மண்டலங்கள் கலந்தன என்றதும், விண்மீன்கள் ஒன்றோடொன்று முட்டி நொறுங்கியிருக்கும் என்று பலர் எண்ணக்கூடும். அவ்வாறு நிகழ்வதில்லை என்றே கூறலாம். காரணத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

சூரியனை இரண்டு செண்டிமீட்டர் அகலமுள்ள ஒரு ரப்பர் கொட்டையாகக் கொள்வோம். அதனை ஜொகூர் பாருவில் வைத்தால், சூரியனுக்கு மிக அருகிலுள்ள அடுத்த விண்மீனை எங்கே வைக்க வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ 580 கிலோமீட்டருக்கு அப்பால், பினாங்கில் வைக்க வேண்டும்! இவ்வளவு இடைவெளியில் கிடக்கும் கொட்டைகளின் கூட்டம் ஒன்று, அதே போன்ற மற்றொரு கூட்டத்தினூடே சென்றால் எத்தனை கொட்டைகள் மோதிக்கொள்ளும்? விண்மீன்கள் ஒன்றையொன்று விலகிக் கடந்து செல்கின்றன. எனினும், ஈர்ப்பு விசை அவற்றின் பாதைகளைச் சிதைத்து விடுகிறது. ஒழுங்காகச் சுழன்ற தட்டு குலைந்து போகிறது.

வாயுவும் தூசியும் அவ்வாறல்ல. இரண்டு அடுப்புகளின் புகை காற்றில் ஒன்றோடொன்று முட்டிக் கலப்பது போல் அவை கலக்கின்றன, அழுத்தமுறுகின்றன. அழுத்தமுற்ற வாயுவிலிருந்து புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. சென்டாரஸ் ஏ மண்டலத்தின் வண்ணப் படங்களில் கரிய பட்டையின் ஓரமாக நீல நிறப் புள்ளிகளும் இளஞ்சிவப்புத் திட்டுகளும் தெரியும். அவை புதிதாய்ப் பிறந்த விண்மீன்களும், அவற்றின் வெப்பத்தால் ஒளிரும் வாயுவுமாகும். ஒரு மண்டலத்தின் அழிவு எண்ணற்ற விண்மீன்களின் பிறப்பாகவும் அமைவது இயற்கையின் விந்தையன்றோ!

இக்கலப்பிற்கு மேலும் சான்றுகள் உண்டு. விழுங்கப்பட்ட மண்டலத்தின் விண்மீன்கள் பெரிய மண்டலத்தின் ஈர்ப்பில் சிக்கி, ஊஞ்சலைப்போல் முன்னும் பின்னும் ஆடுகின்றன. ஊஞ்சல் திரும்பும் இடத்தில் வேகம் குறைவது போல், அவையும் திரும்பும் இடத்தில் வேகம் குறைந்து அங்கே நெருங்கிக் கூடுகின்றன. இதனால் மண்டலத்தைச் சுற்றிலும் மங்கலான ஓடுகள் போன்ற வளைவுகள் தோன்றுகின்றன. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய டேவிட் மாலின், புகைப்படத் தகடுகளில் மறைந்து கிடக்கும் மங்கிய ஒளியைத் தனிமுறையால் வெளிக்கொணர்வதில் வல்லவர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் சென்டாரஸ் ஏ மண்டலத்தைச் சுற்றிலும் இத்தகைய ஓடுகள் இருப்பதை 1983ஆம் ஆண்டு வெளியிட்டனர். பின்னர், 2003இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி, தூசிக்குள் ஊடுருவும் அகச்சிவப்புக் கதிர்களால் அதனைப் படமெடுத்தது. வளைந்து நெளிந்த தூசித் தட்டு ஒன்று சாய்ந்த இணைகரம் போல் அப்படத்தில் தெளிவாகத் தெரிந்தது. விழுங்கப்பட்ட மண்டலத்தின் எச்சமே அது என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

வானொலி அலைகளுக்குக் காரணம் இரு மண்டலங்களின் மோதலே என்று முதலில் எண்ணப்பட்டது. இன்று நாம் அறிவது வேறு. சென்டாரஸ் ஏ மண்டலத்தின் நடுவில், சூரியனைப் போல் சுமார் 5½ கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று உள்ளது. அதனை நோக்கி விழும் வாயுவின் ஒரு பகுதி, உள்ளே செல்லாமல், எதிரெதிர்த் திசைகளில் பேராற்றலுடன் பீறிட்டு வெளியேறுகிறது. அப்பீறல்கள் வெளியே சென்று பரந்த வானொலி மேகங்களாக விரிந்திருக்கின்றன. நம் கண்கள் வானொலி அலைகளைக் காணக்கூடியவையாய் இருந்திருந்தால், அம்மேகங்கள் முழுநிலவுகள் பதினாறை வரிசையாக அடுக்கி வைத்தது போன்ற நீளத்திற்கு வானில் தெரியும். கருந்துளைக்கு மிக அருகில் பீறல் தொடங்கும் இடத்தை, உலகெங்கும் உள்ள வானொலித் தொலைநோக்கிகளை இணைத்து எடுத்த படம் 2021இல் வெளியிடப்பட்டது.

நம் தோட்டத்திலிருந்து காணும் முறை

சென்டாரஸ் ஏ நம்மிடமிருந்து சுமார் 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9 இலட்சத்து 46 ஆயிரம் கோடி கிலோமீட்டர். இன்று நம் கண்ணை அடையும் அதன் ஒளி, மனித இனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே புறப்பட்டதாகும்.

தீபகற்ப மலேசியாவில் பிப்ரவரி மாத நடுவில் அதிகாலை 5 மணிக்கு அது நேர் தெற்கில் உச்சத்தில் நிற்கும். பிரட்டுக்குப் புறப்படும் வேளை அது. அம்மாதத்தில் பால்மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்குவதால் கிளைகளினூடே வானமும் தெரியும். மார்ச் நடுவில் அதிகாலை 3 மணிக்கும், ஏப்ரல் நடுவில் நள்ளிரவு கடந்து 1 மணிக்கும், மே நடுவில் இரவு 11 மணிக்கும், ஜூன் நடுவில் இரவு 9 மணிக்கும் அதனை அதே இடத்தில் காணலாம். நிலவு இல்லாத நாளைத் தேர்ந்தெடுத்தல் அவசியம்.

தெற்கு நோக்கி நின்று, முதலில் தென்சிலுவையைக் காணவேண்டும். நான்கு விண்மீன்கள் காற்றாடி வடிவில் அமைந்திருக்கும். அதன் இடப்புறத்தில் ஒளிமிக்க இரண்டு விண்மீன்கள் இருக்கும். பின்னர், கையை நன்றாக நீட்டி, முட்டியை மடக்கித் தொடுவானிலிருந்து மேல்நோக்கி அளக்க வேண்டும். நேர் தெற்கில் ஏறத்தாழ நான்கு முட்டி உயரத்தில், மங்கலான விண்மீன் போல் ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியும். அதுதான் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் திரள். அதற்கு மேலே அரை முட்டி அளவு சென்றால் சென்டாரஸ் ஏ இருக்கும் இடத்தை அடைவோம்.

7×50 அளவுள்ள சாதாரண இருகண் நோக்கியில் அது ஒரு சிறு வெண்பஞ்சுப் பொட்டுப்போல் தெரியும். நடுவிலுள்ள கரிய பட்டையைத் தெளிவாகக் காண 8 அங்குலத் தொலைநோக்கியும் நல்ல இருளும் தேவை. வண்ணங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டா. அவற்றைப் படங்களில் மட்டுமே காணலாம்.

பார்ப்பதற்கு முன் அரைமணி நேரம் கண்களை இருளுக்குப் பழக்க வேண்டும். நெற்றி விளக்கை அணைத்துவிடுதல் நலம். விளக்கு வேண்டுமாயின் அதன் மீது சிவப்புத் தாளைச் சுற்றிக்கொள்ளலாம். மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்ப்பதைவிட, சற்றுப் பக்கவாட்டில் பார்வையைச் செலுத்தினால் அது மேலும் தெளிவாகத் தெரியும். இருட்டில் தனியே செல்லாமல், காலணி அணிந்து, திறந்தவெளியில் நிற்க வேண்டும். பாம்பு, தேள் முதலியவற்றைக் குறித்து எச்சரிக்கை தேவை. இருகண் நோக்கியைக் கொண்டு எக்காரணத்தாலும் சூரியனைப் பார்த்தலாகாது. கண்பார்வை நிரந்தரமாகப் போய்விடும்.

படமெடுக்கும் கலை

கண் காணாததைப் படம் எவ்வாறு காட்டுகிறது? இதனைப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு விளக்குவது மிக எளிது. மரத்திலிருந்து பால் சொட்டுச் சொட்டாகத்தான் வடிகிறது. ஒரு சொட்டைப் பார்த்து மரத்தின் பலனை மதிப்பிட முடியாது. சொட்டுகள் மங்கில் சேரச் சேர அதன் அளவு தெரிகிறது. நம் கண், வந்த ஒளியை உடனுக்குடன் சிந்திவிடும் மங்கு போன்றது. புகைப்படக் கருவியோ, ஒளியை நெடுநேரம் சேர்த்து வைக்கும் மங்காகும்.

இதில் ஒரு தடை உண்டு. பூமி சுழல்வதால் வானம் நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை வீதம் நகர்கிறது. அசையாமல் நிறுத்திய கருவியில் விண்மீன்கள் புள்ளிகளாக விழாமல் கோடுகளாக விழும். ஆகவே, பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கருவியை மெல்லத் திருப்பும் மோட்டார் பொருத்திய தாங்கி தேவைப்படுகிறது. அதன் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக அமைக்க வேண்டும். வட நாடுகளில் துருவ விண்மீனைப் பார்த்து இதனைச் செய்வர். நம் நாட்டில் அவ்விண்மீன் தொடுவானை ஒட்டித் தாழ்ந்திருப்பதால் பெரும்பாலும் மறைந்துவிடும். எனவே, நம் நாட்டவர் வேறு விண்மீன்கள் நகர்வதைக் கவனித்து, அதற்கேற்ப அச்சைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளலாம்.

தாங்கி இல்லாதவர்களும் முயலலாம். முக்காலியில் பொருத்திய கருவியில் 50 மில்லிமீட்டர் வில்லையைக் கொண்டு, ஒவ்வொன்றும் 6 வினாடி வீதம் நூறு படங்கள் எடுக்கலாம். அவற்றைக் கணினியில் விண்மீன்மேல் விண்மீன் பொருந்துமாறு அடுக்கினால், பத்து நிமிட ஒளி ஒரே படத்தில் சேர்ந்துவிடும். அப்படத்தில் ஒமேகா சென்டாரியும், அதற்கு மேலே சென்டாரஸ் ஏயும் இரு சிறு மேகங்களாகத் தெரியும். தூசிப் பட்டையின் விவரங்களைக் காட்ட வேண்டுமாயின், தொலைநோக்கியோடு இணைத்துப் பல மணி நேர ஒளியைச் சேர்க்க வேண்டும்.

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் இக்கலைக்கு இடையூறுகள். வெப்பத்தால் கருவியின் ஒளியுணரியில் பொய்யான புள்ளிகள் தோன்றும். வில்லையை மூடிவிட்டு அதே கால அளவில் சில இருட்டுப் படங்களை எடுத்து, அவற்றைக் கணக்கில் கழித்தால் அப்புள்ளிகள் நீங்கும். வில்லையில் பனி படியாதிருக்க இலேசாகச் சூடேற்றும் பட்டையைச் சுற்றுவர்.

பொறுமைக்குக் கிடைத்த பரிசு

கருவியைவிடப் பொறுமை பெரிது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபர்ட் எவன்ஸ் என்பவர் ஒரு பாதிரியார். வானியல் அவருக்குத் தொழிலன்று. நூற்றுக்கணக்கான மண்டலங்களின் தோற்றத்தை மனப்பாடமாக வைத்திருந்து, தொலைநோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து வருவார். 1986ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்டாரஸ் ஏ மண்டலத்தின் தூசிப் பட்டையில் அதற்கு முன் இல்லாத ஒரு புள்ளியை அவர் கண்டார். அது வெடித்துச் சிதறிய விண்மீன், அதாவது சூப்பர்நோவா. பெரிய ஆராய்ச்சிக் கூடங்களுக்கு முன்னதாக அதனைக் கண்டது அவருடைய பழகிய கண்ணே.

நம் மண்டலத்தின் நிலை என்ன?

மண்டலங்கள் கலப்பது எங்கோ தொலைவில் மட்டும் நிகழ்வதன்று. மேலே குறிப்பிட்ட ஒமேகா சென்டாரி, முன்னொரு காலத்தில் நம் பால்வீதி விழுங்கிய சிறு மண்டலம் ஒன்றின் நடுப்பகுதி என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகின்றனர். மேலும், சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா மண்டலம், வினாடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கி வருகிறது. 400 அல்லது 500 கோடி ஆண்டுகளில் அது பால்வீதியுடன் கலப்பது உறுதி என்று முன்பு கூறப்பட்டது. 2025இல் வெளியான ஓர் ஆய்வோ, அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளில் அவ்வாறு நிகழ்வதற்கும் நிகழாமலிருப்பதற்கும் ஏறத்தாழச் சமமான வாய்ப்பே உள்ளது என்று கணக்கிட்டது. புதிய சான்று கிடைத்தால் பழைய முடிவைத் திருத்திக்கொள்வதே அறிவியலின் வழி. எவ்வாறாயினும், அதனை எண்ணி நாம் அஞ்ச வேண்டுவதில்லை.

நாம் கவலைப்பட வேண்டியது வேறொன்று. ஊர்கள் வளர்கின்றன, விளக்குகள் பெருகுகின்றன. வெளிச்சம் வாழ்வுக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், வீணாக வானத்தை நோக்கிச் சிந்தும் வெளிச்சத்தால் எவருக்கும் பயனில்லை. விளக்குகளுக்கு மேல்மூடி இட்டு, ஒளியைத் தரையை நோக்கிச் செலுத்தினால் மின்சாரமும் மிச்சமாகும், வானமும் இருண்டிருக்கும். நம் பிள்ளைகளின் பிள்ளைகளும் பால்வீதியைக் காண வேண்டுமல்லவா?

தோட்டத்து இளைஞர் மன்றங்கள் ஓர் இருகண் நோக்கியைப் பொதுவில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பள்ளி விடுமுறையின்போது, 1994இல் கோலாலம்பூரில் திறக்கப்பட்ட தேசியக் கோளரங்கிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். நிலவில்லாத இரவில் பெரியவர்கள் உடனிருந்து, தென்சிலுவை எது, ஒமேகா சென்டாரி எது என்று சுட்டிக்காட்டலாம். நூல் ஆலையில் வேலை செய்த சிறுவன் ஒருவன் பிற்காலத்தில் கண்டறிந்த மண்டலம், இதோ நம் தோட்டத்துக்கு மேலேயும் நிற்கிறது என்று கூறலாம். வானத்தை அறிவதற்குப் பிறந்த இடமோ செய்யும் தொழிலோ தடையன்று என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே கண்டு தெளிவார்களாக.